மைக்குக்குச் சந்தனம் வைத்த நாள்

பிள்ளைகளா, "நம்ம அப்பா நிஜமாவே ராக் பாடகரா, இல்ல சும்மா கத்துவாரா?" என்று நீங்கள் இரண்டு பேரும் சமையலறையில் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவள் சொன்ன பதிலும் விழுந்தது. "ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?" என்றாள். அதனால் இதை நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும்தான். எழுத்தில் பிழை இருந்தால் உங்களில் மூத்தவள், அக்கா, திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எங்கள் குழுவில் இப்போது மூன்று பேர். நான் பாடுகிறேன். கிட்டார் வாசிப்பவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஓசூர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் கன்னடம், என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ். சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின்கள் ஓயும்போது அந்தப் பட்டறையில்தான் எங்களுக்குப் பயிற்சி. டிரம்ஸ் வாசிப்பவன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். நான் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். நான்காவதாக ஒரு பேஸ் கிட்டார்க்காரன் இருந்தான். அவனுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்துவிட்டது. அவன் போன வித்தியாசம் இதுவரை யாருக்கும் தெரியவில்லை. இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் பக்கத்தில் ராக் பாடகனாக இருப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கல்லாவிப் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகைக்கு எங்களை அழைத்திருந்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் மேடைக்கு வந்து, "தம்பி, மொதல்ல அம்மன் பாட்டு ரெண்டு. அதுக்கப்புறம் நீங்க என்ன வேணாலும் கத்திக்குங்க. ஆனா சாமி தூக்கறப்ப நிப்பாட்டிப்புடணும். போன வருசம் மாடு மிரண்டுடுச்சு" என்றார். போன வருடம் வந்தது நாங்கள் இல்லை. இருந்தாலும் சரி என்று தலையாட்டினோம். யுகாதிக்கு ஓசூரில் தெலுங்கில் பாடுவோம். நவம்பர் மாதம் கன்னட ராஜ்யோத்சவத்துக்கு எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் கன்னடத்தில் பாடுவோம். தொழிற்சாலை ஆண்டு விழாக்களில் மூன்றையும் கலந்து பாடுவோம். கத்துவது எந்த மொழியிலும் ஒன்றுதான் என்பதால் எங்களுக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை.

ஒரு முறை குழுவுக்குப் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. மேடையில் புகை விடும் மெஷின் வாடகைக்குக் கிடைக்கவில்லை. கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஆற்றில் கழிவுநீர் நுரை பொங்கி நின்றது. புகை மாதிரியே இருக்கிறது என்று அதற்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டோம். போட்டோ நன்றாகத்தான் வந்தது. பிறகு ஒரு வாரம் மூன்று பேரும் உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தோம். ஹாலில் மாட்டியிருக்கும் படம் அதுதான். அதில் நான் கோபமாக முறைப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அப்போதே அரிக்க ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்.

மற்றவர்களின் பாட்டை எத்தனை காலம் பாடினாலும் எனக்கென்று ஒரு பாட்டு உண்டு. உத்தனப்பள்ளியிலிருந்து முதல் ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்த நாட்களில், கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரத்தில் பனியில் நின்று கட்டிய பாட்டு. தூக்கக் கலக்கத்தில் நிற்கிறவர்கள் தூரத்தில் பஸ் விளக்கைப் பார்க்கிறார்கள். பாட்டில் அதைவிடப் பெரிய கதை எதுவும் இல்லை. என் கூட நின்றவர்கள் மூன்று மொழிக்காரர்கள் என்பதால் பல்லவியில் "வருதே, பருத்தே, வஸ்துந்தி" என்று மூன்று மொழியிலும் பஸ் வரும். கடைசி "வருதே"வை மேலே மேலே தூக்கிக்கொண்டு போய் உச்சியில் நிறுத்துவேன். அந்த இடத்தில் கூட்டம் எழுந்து கைதட்டும். நான் பாடகன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த உச்சிதான்.

அதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. கேசட் போடலாம் என்று ஒருவர் சொன்னார். அவர் யோசித்து முடிப்பதற்குள் கேசட்டே போய்விட்டது. சி.டி. போடலாம் என்று இன்னொருவர் வந்தார். அதுவும் போய்விட்டது. "நாம ஃபோனுக்குப் பாட ஆரம்பிச்சா ஃபோனும் ஒழிஞ்சிரும்வே. சனங்க பாவம், வேண்டாம்" என்பான் டிரம்ஸ்காரன். இசைத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் பாட்டுப் பிடிக்கும், "அடுத்த வருஷம் பண்ணிடலாம் சார்" என்பார்கள். அடுத்த வருடம் அவர் வேறு வேலையில் இருப்பார்.

பிறகு அக்கா தொழிற்சாலை ஆண்டு விழாவில் நான் அந்தப் பாட்டைப் பாடியதை ஃபோனில் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டாள். பெங்களூரில் பாட்டுக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். குரலில் இளையவர். என்னை அங்கிள் என்றார். "பாட்டு சூப்பரா இருக்கு அங்கிள். உங்க குரல்லயே பண்ணலாம். ஆனா ஒருவாட்டி நேர்ல கேக்கணும்" என்றார். ஆயுத பூஜை அன்று கிருஷ்ணகிரி தாண்டி மாமனார் வீட்டுக்குக் காரில் போகிறாராம். வழியில் ஓசூரில் இறங்கிக் கேட்கிறேன் என்றார்.

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை. தினமும் வெந்நீர் குடித்தேன். தயிரை நிறுத்தினேன். அம்மா, "ஒரு பாட்டுக்கு இந்தப் பாடா? பிரசவத்துக்குக்கூட நான் தயிர நிறுத்தல" என்றாள். என் குரல் பதிவாகாமலே போய்விடுமோ என்ற பயத்தோடு இருப்பவனுக்குத் தயிர் ஒரு பெரிய விஷயமில்லை.

கிட்டார்க்காரன் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகச் சொன்னான்.

"ஒரு கட்டை இறக்கிப் பாடலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். வயசாகுதில்ல."

"யாருக்கு?"

"எனக்குத்தான்பா. வெரல் வலிக்குது."

குரல் என்னுடையது, விரல் அவனுடையது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. "அந்த உச்சிய எறக்குனா பாட்டே இல்ல" என்று சொல்லி முடித்துவிட்டேன். அவனும் டிரம்ஸ்காரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டறையில் எப்போதும் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் நம் வண்டிக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. உள்ளே லேத், டிரில்லிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் குளித்து உட்கார்ந்த மாதிரி சந்தனமும் குங்குமமும் சாமந்தி மாலையுமாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் கிட்டார். அதற்கும் மாலை. ஆம்ப்ளிஃபையருக்குப் பட்டை போட்டிருந்தது. டிரம்ஸில் வட்டத்துக்கு ஒரு பொட்டு, சிம்பல் என்கிற பித்தளைத் தட்டுக்கும் ஒரு பொட்டு. ஸ்டாண்டில் நின்ற மைக்கின் முகம் முழுக்க வலைக்கண் தெரியாமல் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு பூ செருகியிருந்தது. டிரம்ஸ்காரனின் கைவேலை. பக்தியில் அவனுக்கு அளவு கிடையாது.

"ஏம்பா, இன்னிக்கு அந்த ஆளு வராருன்னு தெரியுமா தெரியாதா?" என்றேன்.

"தெரியும்லா. அதுக்குத்தான் ஒரு கை கூடுதலா வச்சேன்" என்றான்.

"பூஜையில வச்சத எப்பிடி எடுத்துப் பாடறது?"

அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் கையில் எடுப்போம். ஒவ்வொரு வருடமும் மெஷின்களோடு எங்கள் கருவிகளையும் வைத்துவிடுவது வழக்கம். அன்றைக்கு யாரும் எங்களைப் பாட அழைத்ததில்லை என்பதால் இதுவரை சிக்கல் வந்ததில்லை.

"கிட்டார மட்டும் எடுத்துக்கலாமா? சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு" என்றேன்.

கிட்டார்க்காரன் பதறிவிட்டான். "யோவ், ஒரு வருசம் அவசர ஆர்டருன்னு பூஜையன்னிக்கே லேத்த ஆன் பண்ணேன். அந்த வருசம் முழுக்க பெல்ட்டா அறுந்துச்சு. என் பொண்டாட்டி இன்னும் சொல்லிக் காட்டறா. நீ வேணா பாடு. உன் தொண்டையத்தான் யாரும் பூஜையில வக்கல."

"வச்சிருக்கணும்வே" என்றான் டிரம்ஸ்காரன்.

கம்பெனிக்காரர் வந்து சேர்ந்தார். இளம் வயது, நீள முடியை ரப்பர் பேண்டில் கட்டியிருந்தார். அவர் மனைவி காரிலேயே இருந்துகொண்டு, மாமனார் வீட்டில் சாப்பாடு ஆறிவிடும் என்று அவருக்குக் கையால் சைகை காட்டினார். நாங்கள் விஷயத்தைச் சொன்னோம். அவர் மைக்கைப் பார்த்துச் சிரித்து, கும்பிட்டுவிட்டு, "பர்வாகில்ல அங்கிள். மைக் எதுக்கு? நான் கேக்க வந்தது குரல்தானே. சும்மாவே பாடுங்க" என்றார். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பொரியும் கடலையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

டிரம்ஸ்காரன் பேரிங் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் தாளம் தட்டினான். பட்டறையில் பூஜைக்கு வைக்காத பொருள் அது ஒன்றுதான். கிட்டார்க்காரன் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கைகட்டி நின்றான். நான் பாடினேன். சரணம் நன்றாகவே போனது. கம்பெனிக்காரர் தலையாட்டினார். பல்லவிக்குத் திரும்பினேன். கடைசி "வருதே"வைத் தூக்கினேன்.

பழைய மொபெட் மேட்டில் ஏறும்போது நடுவில் நின்று, கொஞ்சம் உறுமி, பின்னால் உருளுமே, குரல் அப்படி உருண்டது.

கம்பெனிக்காரர் பொரி மெல்வதை நிறுத்தினார். "இன்னொருவாட்டி பாடுங்க அங்கிள். டென்ஷன்ல இருப்பீங்க" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறை பாடினேன். அதே மேடு, அதே மொபெட்.

டிரம்ஸ்காரனால் தாங்க முடியவில்லை. "சிம்பல் இல்லல்லா, அதான்" என்று சொல்லிவிட்டான்.

"சிம்பலுக்கும் இதுக்கும் என்ன?" என்றேன்.

அவன் மரப்பெட்டியைப் பார்த்தபடி சொன்னான். "அந்த எடம் வரும்போது நான் சிம்பல ஓங்கி ஒரு போடு போடுவேன். அதுல அமுங்கிரும். கேக்கவனுக்கு நீ தூக்குனது தெரியும். விழுந்தது தெரியாது."

"எத்தன நாளா?"

"ஒன் மவன் பொறந்த வருசத்துல இருந்துன்னு நெனைக்கேன்."

தம்பி, உனக்கு இப்போது என்ன வயது என்று உனக்கே தெரியும்.

நான் கிட்டார்க்காரனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். "நானும் அந்த எடத்துல வால்யூம கொஞ்சம் ஏத்துவேன். அவன் ஒருத்தனால முடியல" என்றான்.

கம்பெனிக்காரர் ஃபோனை எடுத்து அக்கா போட்ட வீடியோவை ஓட்டினார். சரியாக அந்த இடத்தில் சிம்பல் விழுந்தது. வானம் இடிந்த மாதிரி விழுந்தது. அதைத்தான் நான் இத்தனை காலமும் என் உச்சி என்று நம்பியிருந்தேன். கூட்டம் எழுந்து கைதட்டியதும் அதற்குத்தான் போல.

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டு தடியன்கள் கூடிப் பேசி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மேடைக்கு மேடை என்னைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டால் அதையும் ஒரு சிம்பலை அடித்து அமுக்கிவிடுவார்கள்.

கம்பெனிக்காரர் மரியாதையாகவே பேசினார். "அங்கிள், ரெண்டு வழி இருக்கு. பெங்களூர்ல ஒரு பையன் இருக்கான், அந்த நோட்ட தூக்கத்துல பாடுவான். பாட்டு உங்களோடதுன்னு பேர் போட்டுடலாம். இல்லன்னா நீங்களே பாடுங்க. அந்த ஒரு எடத்த மட்டும் கம்ப்யூட்டர்ல மேல இழுத்து விட்டுடறேன். யாருக்கும் தெரியாது. பெரிய பெரிய ஆளுங்களுக்கே பண்றோம்."

பையன் பாடுவதில் எனக்கு விருப்பமில்லை. அது உடனே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் விஷயத்தில்தான் கொஞ்சம் ஆடினேன், மறைக்காமல் சொல்கிறேன். டிரம்ஸ்காரன் செய்ததைத்தானே கம்ப்யூட்டரும் செய்யப்போகிறது? ஆனால் அவன் அடித்தது எனக்குத் தெரியாமல். இதை நான் தெரிந்தே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் அதைப் போட்டுக் கேட்டு, "அப்பா, சூப்பர்ப்பா" என்று சொல்லும்போது நான் எங்கே பார்ப்பது?

"ஒரு கட்டை இறக்கிப் பாடறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன். கிட்டார்க்காரன் முகத்தில் வந்த சிரிப்பை அவசரமாக மறைத்தான். கிட்டாரைத் தொடக்கூடாது என்பதால் வாயாலேயே ஹூம் என்று சுருதி கொடுத்தான். அது ஒன்றரைக் கட்டை இறங்கியிருந்தது. போகட்டும் என்று அதிலேயே பாடினேன்.

இந்த முறை "வருதே" போய்ச் சேர்ந்தது. முன்பிருந்த உயரம் இல்லை. ஆனால் கடைசிவரை என் குரலாகவே நின்றது.

கம்பெனிக்காரர் தாடையைத் தடவினார். "வேற பாட்டு மாதிரி இருக்கு அங்கிள். முன்னாடி பஸ்ஸ தொரத்தி ஓடற ஆள் மாதிரி இருந்துச்சு. இப்ப பஸ்ஸுக்குள்ள சீட் கெடச்சு ஒக்காந்த ஆள் மாதிரி இருக்கு."

"அவருக்கு முட்டி வலி சார். ஒக்காரட்டும்" என்றான் கிட்டார்க்காரன்.

காரில் ஹாரன் அடித்தது. ஆபீஸில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் கிளம்பினார். பொரியில் மீதியை அவர் மனைவிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "உனக்கும் அந்தச் சிம்பல் விஷயம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அது வர்றதுக்கு முன்னாடியே நான் காதப் பொத்திக்குவேனே. நீங்க பாத்ததில்லையா?" என்றாள்.

பார்த்திருக்கிறேன். என் பாட்டில் மெய்மறந்து தலையைப் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். குளிக்கப் போகும்போதுகூட ஃபோனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று என்னைக் கேலி செய்தீர்கள். எத்தனையோ "அடுத்த வருஷ"ங்களைக் கேட்டவனுக்கு இந்தக் காத்திருப்பு புதிதில்லை. ஆனால் முன்பெல்லாம், என்னிடம் இல்லாத உயரத்தைக் காட்டிவிட்டுக் காத்திருந்தேன். இந்த முறை இருப்பதைப் பாடிக் காட்டிவிட்டுக் காத்திருந்தேன். வேண்டாம் என்று அவர் சொன்னால் அது என்னையே சொன்னதாக ஆகும். அதனால்தான் ஃபோனுக்குக் கவர்.

ஒரு வழியாகக் கூப்பிட்டார். "பண்ணலாம் அங்கிள். ஆனா வெளம்பரம் எதுவும் பண்ண மாட்டோம். சும்மா ஏத்தி விட்டுடுவோம். ஓடுனா ஓடட்டும்" என்றார். நான் சரி என்ற வேகத்தில் அவர் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

பெங்களூரில் சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய சின்ன ஒலிப்பதிவு அறை அது. மெத்தைக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. உச்சி வரும் இடத்தில் சிம்பலைத் தொடக்கூடாது என்று டிரம்ஸ்காரனிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். பழக்கம் அவனை விடவில்லை. இரண்டு முறை கை தானாக எழுந்தது. மூன்றாம் முறை அந்த இடம் வருவதற்கு முன்பே குச்சிகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் பாடினேன். குழந்தையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாசலில் நிற்கிறவர்களின் முகம் அது. பாட்டு எந்த மொழி என்று கேட்டார்கள். மூன்று என்றோம். கம்ப்யூட்டர் ஒன்றைத்தான் ஏற்றுக்கொள்ளும் என்றார்கள். வெளியே போய் டீ குடித்துச் சண்டை போட்டுவிட்டு வந்து தமிழ் என்று சொன்னோம். கிட்டார்க்காரன் திரும்பி வரும்போது ஓசூர் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

பாட்டு வெளிவந்தது. எவ்வளவு பேர் கேட்டார்கள் என்று பார்க்க எனக்குத் தெரியாது. பார்த்துச் சொல்கிறேன் என்ற அக்கா, பார்த்துவிட்டு, "பரவாயில்லப்பா" என்று மட்டும் சொன்னாள். அவளிடம் நான் மேலே கேட்கவில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிரம்ஸ்காரன் கேன்டீன்காரரைத் தாஜா பண்ணி அந்தப் பாட்டை அங்கிருந்த ஸ்பீக்கரில் போட வைத்துவிட்டான். பெரும்பாலானோர் சாம்பாரைத்தான் கவனித்தார்கள். என் எதிரே மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் ட்ரெயினிப் பெண் ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் பாடுவேன் என்பது அதற்குத் தெரியாது. "வருதே" வந்தபோது சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்தது.

"யாரு சார் இது பாடுறது? கொஞ்சம் வயசான ஆள் மாதிரி இருக்கே?"

டிரம்ஸ்காரன் வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன்.

"ஆமாம்மா. வயசான ஆளுதான்" என்றேன்.

"நல்லாத்தேன் பாடுறாரு. ஆனா சாம்பார் வாளி சத்தத்துல ஒண்ணும் சரியா கேக்கமாட்டேங்குது" என்றது.

டிரம்ஸ்காரன் எச்சில் கையோடு எழுந்து, ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டுவதற்காகக் கேன்டீன்காரரிடம் ஓடினான்.